கத்திக்குத்துக்குப் பிறகு: லண்டனில் நம் பிள்ளைகளுக்கு உதவி தேடுவது எப்படி?

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, பதினொரு மணிக்கு மேல், எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவர் போன் எடுத்தார். "தம்பி, ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா வா. இவையள் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை." அவருடைய 16 வயது மகனுக்குத் தொடையில் கத்திக்குத்து. நான் போய்ச் சேர்ந்தபோது, போத்தல் உடைந்து வெட்டினது என்று தாதியிடம் சொல்லச் சொன்னார். பெடியன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் வந்தார். தான் பொலிஸும் இல்லை, டொக்டரும் இல்லை, இளைஞர் பணியாளர் என்றார். மகனோடு பத்து நிமிடம் கதைக்கலாமா என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். "வேண்டாம் எண்டு சொல்லு தம்பி. விஷயம் வெளியிலை போயிடும்." நான் அப்படியே மொழிபெயர்த்தேன்.

அந்த "வேண்டாம்" இன்றும் என்னை உறுத்துகிறது. தொடையில் பட்ட காயம் சில வாரங்களில் ஆறிவிட்டது. பெடியன் மூன்று மாதம் பாடசாலைக்குப் போகவில்லை, பஸ்ஸில் ஏறவில்லை, இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. கடைசியில் உதவி கிடைத்தது. ஆனால் முதல் இரவே கட்டிலருகே வந்து நின்ற உதவி அது. அதற்குப் பிறகு இப்படி வேறு சில குடும்பங்களோடும் அலைந்திருக்கிறேன். அப்படித் தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இதில் வரும் சட்டங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்தில் சில விஷயங்கள் மாறும்.

தொடங்குமுன் ஒன்று. குத்துப்பட்டவர் மட்டும் பாதிக்கப்பட்டவர் அல்ல. பக்கத்தில் நின்ற நண்பன், துரத்தப்பட்டுத் தப்பியவன், கடைக் கவுண்டரில் நின்று பார்த்த மகள், அண்ணனின் இரத்தச் சட்டையைக் கண்ட தங்கை, இவர்கள் எல்லோருக்கும் உதவி கேட்கும் உரிமை உண்டு. பெரும்பாலான உதவிக்குப் பொலிஸ் கேஸ் தேவையே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாததால்தான் நம்மவர்கள் பலர் வாய் திறப்பதில்லை.

முதல் சில நிமிடங்கள்

999 ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "டமில்" என்று மட்டும் சொல்லிவிட்டு லைனில் நில்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைக்கக் கேட்கலாம். வாய் திறந்தால் ஆபத்து என்ற இடத்தில் இருந்தால், கைத்தொலைபேசியில் 999 அடித்து, கேட்கும்போது 55 ஐ அழுத்துங்கள். அந்த அழைப்பு பொலிஸுக்குப் போகும்.

போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, கிடைத்த துணியைக் காயத்தில் வைத்து இரண்டு கையாலும் பலமாக அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வையுங்கள். கத்தி உடம்பில் நின்றால் இழுக்கவே கூடாது. அது இரத்தம் பீறிடாமல் அடைத்துக்கொண்டிருக்கலாம், அதனால் அதைச் சுற்றித்தான் அழுத்த வேண்டும். நெஞ்சு, வயிறு என்றால் போனில் இருப்பவர் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

சின்னக் காயம்தானே என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். கத்திக்காயம் வெளியே ஒரு அங்குலமாகத் தெரியும், உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. உடுப்பைத் தோய்க்காமல் ஒரு கடதாசிப் பையில் போட்டு வையுங்கள். பொலிஸுக்குப் போவதா இல்லையா என்பதைப் பிறகு முடிவு செய்யலாம், தோய்த்த உடுப்பிலிருந்து தடயத்தைத் திரும்ப எடுக்க முடியாது.

வைத்தியசாலையில்: "ஓம்" என்று சொல்லுங்கள்

லண்டனில் பெரிய காயங்களைப் பார்க்கும் நிலையங்கள் நான்கு: வைட்சப்பலில் ரோயல் லண்டன், டென்மார்க் ஹில்லில் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலை, பாடிங்டனில் சென் மேரிஸ், டூட்டிங்கில் சென் ஜோர்ஜஸ். 2006 இல் ரெட்திரெட் என்ற தொண்டு நிறுவனம் கிங்ஸில் இளைஞர் பணியாளர்களை அவசர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே உட்கார வைத்தது. இன்று இந்த நான்கு இடங்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ரோயல் லண்டனில் சென் கைல்ஸ் என்ற அமைப்பினர் இந்த வேலையைச் செய்துவந்திருக்கிறார்கள்.

ஏன் அந்த இடத்தில், அந்த நேரத்தில்? கட்டிலில் கிடக்கும் பிள்ளை பயந்துபோய், நண்பர் கூட்டத்திலிருந்து விலகித் தனியாக இருக்கிறான். "இனி என்ன?" என்று அவன் தன்னைத்தானே கேட்கும் நேரம் அது. இரண்டு நாள் கழித்துப் போனுக்கு வரும் செய்திகளெல்லாம் பழிவாங்கச் சொல்லும். அதற்கு முன் நம்பிக்கையான ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் நடப்பது வேறு. பணியாளர் வைத்தியசாலையோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக்குப் போன பிறகும் பாடசாலை, வீட்டுப் பிரச்சினை, வேலை என்று கூட வருவார். அவர் வரவில்லை என்றால் நீங்களே தாதியிடம் கேளுங்கள்: "யூத் வேர்க்கர் இருக்கிறாரா?" வேறு வைத்தியசாலை என்றால் "சேவ்கார்டிங் டீமோடு கதைக்க வேண்டும்" என்று கேளுங்கள், பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் குழு அது.

பிள்ளையைப் பணியாளரோடு தனியாகக் கதைக்க விடுங்கள். இது அம்மாமாருக்குக் கஷ்டம், எனக்குத் தெரியும். ஆனால் அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை உண்மை சொல்ல மாட்டான்.

கத்திக்காயத்தோடு ஒருவர் வந்தால் டொக்டர்மார் பொலிஸுக்கு அறிவிப்பது இங்கே வழக்கம். அப்பகுதியில் வேறு யாருக்கும் ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அது. பொதுவாக அந்த முதல் தகவலில் பெயரும் முகவரியும் தேவையில்லை. பொலிஸ் வந்தாலும், உங்கள் பிள்ளை அவர்களோடு கதைக்க விரும்புகிறானா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் இலவசம். காயப்பட்டவனின் 12 வயதுத் தங்கையை நடுவில் நிறுத்தி "உன் அண்ணனுக்கு ஈரல் கிழிந்திருக்கிறது" என்று சொல்ல வைக்காதீர்கள். என்னைப் போன்ற அயலவரும் சரியான ஆள் இல்லை. அன்று நான் மொழிபெயர்த்தது ஒரு பயத்தைத்தான். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் என்றால், அந்த இளைஞர் சொன்னதை முழுதாக அக்காவுக்குச் சொல்லியிருப்பார்.

விசா பிரச்சினை, கேஸ் முடியவில்லை என்று பயப்படுகிறவர்களுக்கு: அவசர சிகிச்சைப் பிரிவில் சிகிச்சை எல்லோருக்கும் இலவசம். ஜிபியில் பதிவதற்கும் விசா காட்டத் தேவையில்லை. வார்டில் அனுமதித்த பிறகு சிலரிடம் கட்டணம் கேட்பார்கள், ஆனால் அசைலம் கேஸ் நடந்துகொண்டிருப்பவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை.

பொலிஸில் சொல்வதா?

இதைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட முடியாது. "ஸ்னிச்" (காட்டிக்கொடுப்பவன்) என்று பெயர் வாங்கினால் அடுத்த குத்து விழும் என்று அவன் நினைப்பது வெறும் கற்பனை அல்ல. அதே நேரம், சொல்லாமல் விட்டால் அடைபடும் கதவுகள் சில உண்டு. அரச நட்டஈட்டுக்குப் பொலிஸில் முறைப்பாடு கட்டாயம்.

இடைவழிகளும் உண்டு. கிரைம்ஸ்டொப்பர்ஸ் (0800 555 111) என்பது பொலிஸ் அல்ல, தனி அறக்கட்டளை. அங்கே பெயர் கேட்க மாட்டார்கள், அழைத்தது யார் என்று பின்தொடரவும் மாட்டார்கள். இளையவர்களுக்கான அதன் பிரிவு ஃபியர்லெஸ். அவசரமில்லாத முறைப்பாட்டுக்கு 101.

முறைப்பாடு செய்தால் குற்ற இலக்கம் ஒன்று தருவார்கள். அதைப் படம் எடுத்து வையுங்கள், அடுத்த ஒரு வருடம் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் தகவல் பெறுவதும், உதவிச் சேவைக்கு அனுப்பப்படுவதும், இந்தக் குற்றம் உங்களை என்ன செய்தது என்று உங்கள் சொல்லிலேயே ஓர் அறிக்கை கொடுப்பதும் உங்கள் உரிமை. 18 வயதுக்குட்பட்ட சாட்சி நீதிமன்றத்தில் எதிரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. திரை போடலாம், வேறு அறையிலிருந்து வீடியோவில் சொல்லலாம், முதல் வாக்குமூலத்தையே வீடியோவாகப் பதிந்து போட்டுக் காட்டலாம்.

விசா இல்லாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும்: பொலிஸிடம் போகும் தகவல் உள்துறை அமைச்சுக்கும் போகலாம். அதனால் உயிராபத்து இல்லாத நேரத்தில் முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடமோ, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் விக்டிம் சப்போர்ட் அமைப்பிலோ கேட்டுவிட்டுப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

விக்டிம் சப்போர்ட் எண் 0808 16 89 111. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. பொலிஸில் சொல்லாதவர்களும் அழைக்கலாம், நடந்து இரண்டு வருடம் ஆனவர்களும் அழைக்கலாம். பிள்ளை உங்களோடு கதைக்க மறுத்தால் சைல்ட்லைன் (0800 1111) எண்ணை அவனுடைய போனில் போட்டுக் கொடுங்கள். 19 வயதுக்குட்பட்டவர்களுக்கானது, இணையத்தில் எழுதியும் கதைக்கலாம். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவன் 85258 க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். பெற்றோருக்கென்றே யங்மைண்ட்ஸ் ஒரு எண் வைத்திருக்கிறது: 0808 802 5544.

வீட்டில் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள். அவன் போனில் ஸ்னாப் மேப்பை நிறுத்தச் சொல்லுங்கள், அவன் எங்கே நிற்கிறான் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருப்பது அதுதான். சம்பவத்தின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தால் திரும்பத் திரும்பப் பார்க்க விடாதீர்கள், வந்ததை முறையிட்டு எடுக்கச் சொல்லுங்கள், பொலிஸுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். வரும் சொந்தக்காரர் எல்லோருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வைக்காதீர்கள். "நீ ஏன் அந்த நேரத்திலை அங்கை போனனீ?" என்ற கேள்வியை முதல் வாரம் முழுக்க வாய்க்குள்ளேயே வைத்திருங்கள். அதைக் கேட்ட பிறகு கதைப்பதையே நிறுத்திய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மனக்காயம்

முதல் நான்கு வாரம் தூக்கம் வராது, திடுக்கிடுவான், எரிந்து விழுவான், சாப்பாடு இறங்காது. இது பெரும்பாலும் இயல்பு. பலருக்குத் தானாகக் குறையும். இந்தக் காலத்தில் "எல்லாத்தையும் கொட்டிச் சொல்" என்று நெருக்குவதால் நன்மை இல்லை என்பதே இந்த நாட்டு மருத்துவ வழிகாட்டலும். பக்கத்தில் இருங்கள், வழக்கமான நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள், கவனித்துக்கொண்டிருங்கள்.

ஒரு மாதம் தாண்டியும் அந்தக் காட்சி கண்முன் வந்துகொண்டே இருந்தால், அந்த வீதியையே தவிர்த்தால், கதவுச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டால், ஜிபியிடம் போங்கள். "டிப்ரெஷன்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். "கத்திக்குத்து நடந்தது, இத்தனை வாரம், இன்னின்ன அறிகுறி, பிடிஎஸ்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனப் பாதிப்புத்தான் பிடிஎஸ்டி. அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சைதான் பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது. அது பலனளிக்காதபோது, கண் அசைவோடு செய்யும் ஈஎம்டிஆர் என்ற சிகிச்சையும் உண்டு. 18 க்குட்பட்டவர்களைக் காம்ஸ் என்ற சிறுவர் மனநலச் சேவைக்கு அனுப்புவார்கள். 18 ஐத் தாண்டியவர் ஜிபி இல்லாமலே என்எச்எஸ் டோக்கிங் தெரபிஸில் தானே பதியலாம். காம்ஸ் வரிசை நீளமானது. காத்திருக்கும் காலத்தில் இளைஞர் பணியாளரும் பாடசாலை ஆலோசகரும் கை கொடுக்க வேண்டும்.

வழக்கு முடியும்வரை சிகிச்சை எடுக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. வழக்குக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்று அரச வழக்குத் தொடுநர் சேவையின் வழிகாட்டலே சொல்கிறது.

"செத்திருக்கலாம்" என்று அவன் வாயில் வந்தால் நாளைவரை பொறுக்காதீர்கள். 111 அடித்து 2 ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக் குழு. சமரிட்டன்ஸ் 116 123. உடனடி ஆபத்து என்றால் 999.

பாடசாலை

ஒவ்வொரு பாடசாலையிலும் சேவ்கார்டிங் லீட் என்று ஒருவர் இருக்க வேண்டும். வரவேற்பறையில் "சுகமில்லை" என்று சொல்லி முடிக்காமல், அவரோடு நேரம் கேளுங்கள். கேட்க வேண்டியவை: குத்தியவர்களோ அவர்களின் கூட்டாளிகளோ அதே பாடசாலையில் இருக்கிறார்களா, விடும் நேரத்தைப் பத்து நிமிடம் மாற்றலாமா, முதல் இரண்டு வாரம் அரைநாள் வரலாமா, வகுப்பில் மூச்சு முட்டினால் எங்கே போய் இருக்கலாம். ஜிசிஎஸ்இ, ஏ லெவல் நேரம் என்றால் பரீட்சைப் பொறுப்பாளரையும் பாருங்கள். தனி அறையும் இடைவேளையும் கேட்கலாம். பரீட்சைக் காலத்தை ஒட்டி நடந்திருந்தால் சிறப்புக் கவனிப்புக்குப் பாடசாலை விண்ணப்பிக்கலாம். கிடைப்பது அதிகபட்சம் 5 சதவீதம்தான், ஆனாலும் தர எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு அது பெரிது.

அதே வீட்டில் இருப்பது ஆபத்தென்றால்

குத்தியவர்களுக்கு வீடு தெரியும் என்றால் கவுன்சிலின் வீட்டுப் பிரிவுக்குப் போங்கள். தொடர்ந்து இருந்தால் வன்முறை நடக்கக்கூடும் என்ற வீடு, தலைக்கு மேல் கூரை இருந்தாலும், 1996 வீடமைப்புச் சட்டத்தின் கண்ணில் இருக்கத் தகுந்த வீடு அல்ல. நீங்கள் வீடற்றவர் என்றே கணக்கு. ஆபத்து இல்லாத வேறு கவுன்சிலிலும் கேட்கலாம். பொலிஸ், வைத்தியசாலை, இளைஞர் பணியாளர் மூவரின் கடிதமும் கையில் இருந்தால் பதில் வேகமாக வரும். அரச உதவி பெற முடியாத விசா நிலையில் இருந்தாலும், வீட்டில் 18 க்குட்பட்ட பிள்ளை இருந்தால், 1989 சிறுவர் சட்டத்தின் 17 ஆம் பிரிவின் கீழ் சமூக சேவைப் பிரிவிடம் உதவி கேளுங்கள்.

நட்டஈடு

குற்றவாளி பிடிபடாவிட்டாலும் அரச நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்கலாம். சீக்கா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விண்ணப்பம் இலவசம், சட்டத்தரணி தேவையில்லை. 25 சதவீதம் கமிஷன் கேட்பவரிடம் போகுமுன் விக்டிம் சப்போர்ட்டிடம் கேளுங்கள். பொதுவான கெடு 2 வருடம். சம்பவத்தின்போது 18 க்குட்பட்டவராக இருந்து, 18 ஆகுமுன் பொலிஸில் சொல்லியிருந்தால் 20 ஆவது பிறந்தநாள்வரை நேரம் உண்டு. பிள்ளைக்குப் பழைய தண்டனை ஏதும் நடப்பில் இருந்தால் தொகை குறையலாம், மறுக்கவும்படலாம்.

பிள்ளையின் பையில் கத்தி இருந்தால்

குத்துப்பட்ட பிள்ளைகள் சிலர் அடுத்த நாளிலிருந்து தாங்களே கத்தி கொண்டு திரிகிறார்கள். பயம்தான் காரணம். ஆனால் "பாதுகாப்புக்கு வைத்திருந்தேன்" என்பதைச் சட்டம் நியாயமான காரணமாக ஏற்பதில்லை. பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் 4 வருடம்வரை சிறை. குற்றப் பொறுப்பு வயது 10. சமையலறைக் கத்தியும் இதில் அடக்கம்.

கத்தியைக் கண்டால் அடிக்காதீர்கள். வீட்டைவிட்டு அனுப்பினால் அவன் போய்ச் சேருமிடம் உங்களுக்கே தெரியும். "யாருக்குப் பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள். கத்தியை ஒப்படைக்க லண்டனின் பல இடங்களில் பெயர் கேட்காத பெட்டிகள் இருக்கின்றன, அல்லது 101 இல் அழைத்து எப்படிக் கொண்டுவருவது என்று கேளுங்கள். இஸ்லிங்டனில் 2008 இல் 16 வயதில் கொல்லப்பட்ட பென் கின்செல்லாவின் குடும்பம் தொடங்கிய அறக்கட்டளை, இளையவர்களுக்குக் கண்காட்சியும் பட்டறையும் நடத்துகிறது. பாடசாலை மூலமாகப் போகலாம்.

இரண்டாவது போன், வாங்கிக் கொடுக்காத சப்பாத்து, தூர ஊர்களின் ரயில் டிக்கெட், இரண்டு நாள் காணாமல் போவது, இவை இருந்தால் போதைப்பொருள் கடத்த யாரோ அவனைப் பயன்படுத்துகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையும் பாதிக்கப்பட்டவனே. பாடசாலை, சமூக சேவை, பொலிஸ் மூவரிடமும் "அவனைப் பயன்படுத்துகிறார்கள், என்ஆர்எம் பதிவு வேண்டும்" என்று சொல்லுங்கள். இப்படிச் சுரண்டப்படுபவர்களை அடையாளம் காணும் அரசின் ஏற்பாடுதான் என்ஆர்எம். கைதானால் பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி இலவசம். "நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, சட்டத்தரணி எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

உயிர் போயிருந்தால்

இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். பொலிஸ் குடும்பத் தொடர்பு அதிகாரி ஒருவரை வீட்டுக்கு அனுப்பும். விக்டிம் சப்போர்ட்டின் கொலைப் பாதிப்புச் சேவையில் உங்களுக்கென்று ஒருவரைத் தருவார்கள். காகிதவேலை, நீதிமன்றம், பத்திரிகைக்காரர் எல்லாவற்றையும் அவரிடம் விடலாம்.

நம்மவர்களை மிகவும் வதைப்பது உடல் கிடைக்கத் தாமதமாவது. மரண விசாரணை அதிகாரி விடுவிக்கும்வரை தகனம் செய்ய முடியாது. எதிர்த்தரப்பு இரண்டாவது பிரேத பரிசோதனை கேட்டால் இன்னும் இழுக்கும். எட்டும் அந்தியேட்டியும் எப்படிக் கணக்கிடுவது என்று ஐயரிடம் முன்கூட்டியே கதையுங்கள். நமது வழக்கத்தை எழுத்தில் எழுதித் தொடர்பு அதிகாரியிடம் கொடுத்தால் மரண விசாரணை அதிகாரிக்குப் போய்ச் சேரும். இறுதி மரணச் சான்றிதழ் பின்னர்தான் வரும். வங்கிக்கும் வேலையிடத்துக்கும் இடைக்காலச் சான்றிதழ் கேளுங்கள்.

ஈமச்செலவுக்குச் சீக்கா 2,500 பவுண் தரும், தகுந்த செலவுகளுக்கு 5,000 வரை கேட்கலாம். இழப்புக்கான கொடுப்பனவு தனி: பெற்றோர், துணை, பிள்ளைகளில் ஒருவர் மட்டும் உரித்தாளி என்றால் 11,000 பவுண், ஒன்றுக்கு மேற்பட்டவர் என்றால் ஆளுக்கு 5,500. அண்ணன், தங்கை இந்தப் பட்டியலில் இல்லை. வீட்டுக்கு வருபவர்களும் அம்மாவைத்தான் கட்டிப்பிடிப்பார்கள், தங்கை தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பாள். அவளைக் கவனியுங்கள். சைல்ட் பிரீவ்மென்ட் யூகே, வின்ஸ்டன்ஸ் விஷ் இரண்டும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகவே இருக்கின்றன.

தீர்ப்புக்குப் பிறகு

வன்முறைக் குற்றத்துக்கு 12 மாதமோ அதற்கு மேலோ சிறை கிடைத்தால், பாதிக்கப்பட்டவர் தொடர்புத் திட்டத்தில் சேர்கிறீர்களா என்று உங்களிடம் கேட்பார்கள். சேர்ந்தால், குத்தியவர் எப்போது வெளியே வருகிறார் என்று முன்கூட்டியே தெரியும், உங்கள் பகுதிக்குள் வரக்கூடாது என்று நிபந்தனை போடவும் கேட்கலாம். அந்தக் கடிதம் ஆங்கிலத்தில், சாதாரண உறையில் வரும், விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போய்விடாமல் பாருங்கள். வீடு மாறினால் புது முகவரியை அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.